பக்கம் சாயாத சொல்

டெலிபோன் அடித்ததும் நவரட்ணம் பாதிச் சவரத்தோடு குசினிக்கு ஓடிவந்தார். எடுத்தது மக்டலீன்தான் என்று அறிய அவர் மனுசி பாலேஸ்வரிக்கு அவர் "ஹலோ" சொன்ன குரலே போதும். வீட்டில் அவர் பாவிக்காத குரல் அது.

ஸ்காபரோவையும் அயல் நகரங்களையும் சேர்த்து ஒரே பெருநகரமாக்கப் போகிறார்கள் என்ற கதை அந்தக் குளிர்காலம் முழுக்க அடிபட்டது. சனம் அதை விரும்புகிறதா என்று கேட்க ஒரு வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டுக் கேள்வியைத் தமிழில் போட்டு ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்க, மக்டலீன் வேலை செய்த சேவை நிலையம் பொறுப்பெடுத்தது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து அறிவித்தல்கள் எழுதிய நவரட்ணத்தை யாரோ கைகாட்டிவிட்டார்கள். இருப்பது ஒரேயொரு வசனம். அதற்காக இரண்டு பேரும் கிழமைக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"'ஒன்றிணைத்து' எண்டு போட்டா கலியாணக் காட் மாதிரியெல்லோ கிடக்கு. வாசிக்கிறவன் ஓம் எண்டுதான் குத்துவான்," என்று சொல்லி நவரட்ணம் சிரித்தார். மற்றப் பக்கத்திலும் சிரிப்பது கேட்டது.

முதலில் "மிஸ்ரர் நவரட்ணம்" என்று கேட்டவள், பிறகு "நவரட்ணம் அண்ணை" என்றாள். இப்போது வெறும் "நவம்". அண்ணை கழன்ற நாளை பாலேஸ்வரி கவனித்திருந்தாள். மக்டலீனை ஒருமுறைதான் கண்டிருக்கிறாள். பிளாசாவில் அவள் காரை விட்டிறங்கி, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டு வந்தாள். அழகி என்று சொல்ல ஒன்றுமில்லை. அழகியாக இருந்திருந்தால் அதைச் சொல்லியாவது ஏசித் தீர்த்திருக்கலாம். ஒரு சொல்லைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தது. இத்தனை வருடத்தில் தன்னிடம் ஒரு சொல்லுக்குக்கூட அபிப்பிராயம் கேட்காத மனுசன். அதுதான் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது.

பிரசுரம் அச்சுக்குப் போகவிருந்த சனிக்கிழமை, நவரட்ணம் உடுப்புத் தோய்க்கக் கீழே பேஸ்மென்ருக்குப் போயிருந்த நேரம் டெலிபோன் வந்தது.

"அக்கா, நவம் இல்லையோ? நான் விட்பியில ஒரு செத்தவீட்டில நிக்கிறன், திரும்ப எடுக்கேலாது. ஒரு மெசேஜ் சொல்லிவிடுறியளோ? 'நகரங்களை ஒழித்து' எண்டு எழுதினது சரியில்லை. ராத்திரி முழுக்க யோசிச்சன். கேள்வியே 'இல்லை'க்கு வோட் கேக்கிற மாதிரிக் கிடக்கு. 'கலைத்து' எண்டு மாத்திக் குடுக்கச் சொல்லுங்கோ. மறந்திடாதேங்கோ அக்கா."

"சொல்லுறன்."

ராத்திரி முழுக்க யோசித்தாளாம்.

நவரட்ணம் கூடையோடு வந்தார். இரண்டு பேருமாகப் படுக்கை விரிப்பின் நுனிகளைப் பிடித்து உதறி மடித்தார்கள். மடிக்க மடிக்கக் கிட்ட வந்து, கடைசியில் விரல்கள் தொட்டன. சொல்ல வாய் உன்னியது. அவரோ அச்சுக்குப் போகும் தாளை எடுத்து, தனக்குள் ஒருமுறை வாசித்து, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார்.

"வெளியில ஐஸ் சறுக்கும், பாத்துப் போங்கோ," என்று மட்டும் அச்சகத்துக்கு வெளிக்கிட்டவரிடம் சொன்னாள்.

அடுத்த கிழமை பிரசுரம் கடைகளில் கிடந்தது. மரக்கறிக் கடையில் ஒருவர் அதை உரத்து வாசித்தார். "ஒழிக்கிறதோ? ஊரிலதான் எங்களை ஒழிச்சாங்கள், இஞ்சையுமோ?" என்றார். பக்கத்தில் நின்றவர், இது ஒரு பக்கத்துக்கு ஆள் சேர்க்கிற வேலை என்று நிலையத்துக்கு முறைப்பாடு செய்தார். கட்டுக்கட்டாகத் திருப்பி எடுத்துக் குப்பையில் போட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் மக்டலீனுக்கு ஏச்சு விழுந்தது.

டெலிபோன் நின்றுபோனது. நவரட்ணம் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ரின் எட்டாம் மாடியில், யன்னலடியிலேயே இருந்தார். பாலேஸ்வரி நினைத்தது நடந்துவிட்டது. மனுசன் வீட்டோடு இருந்தார். வாயைத்தான் திறக்கவில்லை.

ஒரு பின்னேரம் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தவர், ஜக்கெற்றைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றார்.

"மக்டலீன் அண்டைக்கு உம்மட்டை ஒரு மெசேஜ் சொன்னவவாம். ஓமோ?"

குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"ஓம். நான்தான் சொல்லேல்லை."

ஏன் என்று கேட்பார் என்று நின்றாள். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். அவர் கேட்கவில்லை. நேரே டெலிபோனடிக்குப் போய் நம்பரைச் சுழற்றினார்.

"மக்டலீன், நவம் கதைக்கிறன். பாலேஸ் எனக்குச் சொன்னவ. நான்தான் அவசரத்தில மாத்த மறந்துபோனன். ஓம், முழுக்க என்ரை பிழை."

தன் பிழையைக்கூட அவர் தன்னிடமிருந்து வாங்கிக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டார் என்று பாலேஸ்வரிக்குப் பட்டது. மற்றப் பக்கத்தில் மக்டலீன் கனநேரம் பேசினாள். அவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தார். பிறகு, மெல்ல மெல்ல, அந்தக் குரல் திரும்பி வந்தது.

"இல்லையில்லை, 'கலைத்து'வையும் யோசிக்கவேணும். பொலிஸ் கூட்டத்தைக் கலைக்கிற மாதிரியெல்லோ..."

பேசிக்கொண்டே நடந்து ஹோல் கதிரையில் போய் அமர்ந்தார். டெலிபோன் வயர் சுருள் விரிந்து, குசினி வாசலுக்குக் குறுக்கே அவள் நெஞ்சு உயரத்தில் இறுகி நின்றது. வடித்த சோற்றுப் பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஆவி முகத்தில் அடிக்க, பாலேஸ்வரி அந்த வயருக்கு இந்தப் பக்கம் நின்றாள்.