அரை டாக்டரின் மேல்வாய்

மருந்துக் கடைக்காரருக்குத் தெருவில் 'அரை டாக்டர்' என்று பெயர். அந்த 'அரை' மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை. ஊருக்கெல்லாம் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தவர், தன் சர்க்கரையைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இருமல் வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை அவரே தனக்குச் சிபாரிசு செய்து, அவரே எடுத்து, அவரே விழுங்கினார். இருமல் போயிற்று. ஆனால் மேல்பல் இரண்டு ஆட ஆரம்பித்தன, கன்னம் மரத்துப்போனது.

"வெறும் சூடு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் களிம்பு தடவிக்கொண்டார்.

இரண்டு வாரம் போனதும் மனைவி முகத்தைச் சுளித்தாள். பள்ளியில் அறிவியல் டீச்சர் அவள். "என்னங்க இப்படி நாறுது? வாயைத் திறங்க." செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். மேல்வாயில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கரிக்கட்டையாய் ஒரு கறுப்பு.

பல் டாக்டரம்மா கேட்டார்: "எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா..."

"பதினஞ்சு," என்றாள் மனைவி. அவருக்குச் சர்க்கரை இருப்பதையும் ஸ்டீராய்டு விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னாள்.

"இது பூஞ்சை. சர்க்கரை எகிறின உடம்பு, மேல ஸ்டீராய்டு வேற. எலும்பைத் தின்னுக்கிட்டே கண்ணுக்கு ஏறிடும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேருங்க. ஆமா, ஸ்டீராய்டை எந்த முட்டாள் குடுத்தான்?"

"எங்க தெருவுல ஒரு அரை டாக்டர் இருக்காரும்மா," என்றாள் மனைவி. கடைக்காரர் சுவரில் இருந்த பல் படத்தை அக்கறையாகப் பார்த்தார்.

மேல்தாடையில் பாதியை எடுத்தார்கள். ஐந்து வாரம் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. கண் தப்பியது. முதல்முறை குடித்த தண்ணீர் மூக்கு வழியே கொட்டியபோது அவர் குலுங்கி அழுதார். மனைவி திட்டாமல் முதுகைத் தடவிக்கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மேல்வாய் ஓட்டையை மூடும் தகடு மாட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். ஒருநாள் தையல்காரர் வந்தார்.

"வாய்ல புண்ணு. நீங்களே ஏதாவது குடுங்க, டாக்டர்."

"நானா? இந்த டாக்டர் கைராசியைப் பாருங்க!" தகட்டைக் கழற்றி, வாயை ஆவென்று திறந்து காட்டினார். தையல்காரர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

சாயங்காலம் அவரே திரும்பி வந்து சத்தம் போட்டார். "நாக்கைக் கடிச்சுக்கிட்டேனாம்! ஒரு பிளவுஸ் தைக்கிற நேரம் வீணாப் போச்சு!"

"அப்பாடா!" என்றார் கடைக்காரர், பாதி மூக்கால்.