நெற்றிச் சுருள்

என் கணவர் அழகுமுத்துவுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி நான். இன்னொருத்தி, இலங்கை மலைநாட்டு ஹட்டனில் எங்கள் போட்டோ ஸ்டூடியோச் சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த நடிகை கமலவேணி. சென்னைப் பத்திரிகையில் அவள் படம் வந்தால் போதும், மனிதர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவார். "கண்ணுல வெளிச்சப் புள்ளி எங்க விழுந்திருக்குன்னு பாரு லெட்சுமி. விளக்கை எங்க வச்சான்னு அதுவே சொல்லிடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, அந்த முகத்தைப் பார்த்தால் அடுப்பில் சோறு கொதிப்பதே மறந்துபோகும். அவள் நெற்றியில் புரளும் ஒற்றைச் சுருளைப் பார்த்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் முடியைச் சுருட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் மகள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெருமையை வைத்துத்தான் படக்கம்பெனி அவளுக்கு ராணி வேஷமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது.

ஐம்பத்தொன்பதில் நுவரெலியாவுக்கு நடனமாட வந்தவள், திரும்பும் வழியில் ஹட்டனில் ஒருநாள் தங்கினாள். வரவேற்புக் குழுவினர் படமெடுக்க அவளை எங்கள் ஸ்டூடியோவுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சென்னைக்காரர்கள் போலவே விளக்கை உயரத்தில் வைத்தார். கூடவே தன் கைவேலை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித்தாளைப் பலகையில் அறைந்து வைத்திருப்பார். அதைக் கீழேயிருந்து பிடித்தால் முகத்தில் இருட்டே தங்காது. பிடித்தவள் நான்தான்.

சுருளைக் கொஞ்சம் ஒதுக்கலாமா என்று இவர் கேட்டார்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள், சினிமாவில் பேசுகிற அதே தமிழில். கை மட்டும் சட்டென்று நெற்றிக்குப் போனது.

மறுநாள் காலை நானே மாதிரிப் படம் ஒன்று அடித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெகட்டிவில் பென்சில் வைத்து வடு, சுருக்கம் எல்லாம் மறைப்பது என் வேலை. சென்னைப் படங்களில் சுருளுக்கடியில் எப்போதும் நிழல் இருக்கும். எங்கள் வெள்ளித்தாள் அந்த நிழலைத் தின்றுவிட்டிருந்தது. அங்கே முடி தேய்ந்து, தோல் லேசாகப் பள்ளம் விழுந்து, ஒரு கோடு ஓடியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சின்ன வயதிலிருந்து மலை ஏறினவளுக்கு மட்டுமே விழுகிற தடம் அது. எந்த மிராசுதார் மகள் கூடை சுமந்தாள்? வெளியே தெரிந்தால் அவள் ராணி வேஷம் அன்றோடு முடிந்தது.

படம் பார்க்க அவள் வந்தாள். அவளோடு வந்த மானேஜர் காரிலேயே இருந்தார். இவர் இருட்டறையில் இருந்தார். மாதிரியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"வேறு யார் பார்த்தார்கள்?"

"நான் மட்டுந்தாங்க" என்றேன். வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று தோன்றியது. முந்தானையைத் தள்ளி, முடியை விலக்கி, என் தடத்தைக் காட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் நானும் கொழுந்து எடுத்தவள்தான்.

அவள் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழும்போதும் அவள் எவ்வளவு அழகாக இருந்தாள்!

"இப்பவே பென்சில் போட்டு மறைச்சிர்றேங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"இருங்க அக்கா" என்றாள். சினிமாத் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. "மொதல்ல அப்பிடியே ஒன்னு அடிச்சிருங்க. அப்புறமா மறைங்க. எங்கம்மா வேலாயி மஸ்கெலியாவுல இன்னமும் கொழுந்து எடுக்குது. கம்பெனிக்காரங்க என்னைய அங்க போக விடமாட்டாங்க. நீங்க கொண்டுபோய்க் குடுப்பீங்களா?"

மறைத்த படம் சென்னைக்குப் போனது. எங்கள் கண்ணாடி அலமாரியிலும் அதுதான் நின்றது. இதைவிட நல்ல படத்தை இவர் பிறகு எடுத்ததே இல்லை.

மறைக்காத படத்தை நானே பஸ் ஏறி மஸ்கெலியாவுக்குக் கொண்டுபோனேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வேலாயி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணையும் மூக்கையும் அவள் பார்க்கவில்லை. கட்டைவிரலால் நெற்றிக் கோட்டைத் தடவினாள்.

"எத்தனயோ படத்துல பாத்தேன், யாரோ மகாராணின்னுதான் இருந்துச்சு" என்றாள். "இதுதாம்மா எம்புள்ள."