முடிஞ்சா ஊதுங்க

மூச்சுச் சிகிச்சைப் படிப்பின் கடைசித் தேர்வு வந்தபோது, நுரையீரலைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்று எதுவும் மிச்சமில்லை. தன் இரண்டு பிள்ளைகளைத் தூங்க வைப்பதைவிடச் சுலபமாகச் செயற்கைச் சுவாசக் கருவியை வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்குப் போனபோது நர்சுகளே அவளைத் தேடி வந்தார்கள். தகராறு ஒன்றே ஒன்றோடுதான்: ஊதல் சோதனை.

நோயாளியின் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, மூச்சை முழுக்க இழுக்கச் சொல்லி, உள்ளே ஒன்றும் மிஞ்சாமல் ஊத வைக்க வேண்டும். யாரும் தானாக அப்படி ஊதிவிட மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் ஓட்டப்பந்தயத்தில் சொந்தத் தம்பியை உசுப்பேற்றுவதுபோலக் கத்த வேண்டும். அவளோ, பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிறவள்.

வீட்டில் கணவனை உட்கார வைத்துப் பழகிப் பார்த்தாள். "முடிஞ்சா இன்னும் கொஞ்சம் ஊதுங்க" என்பாள். அவன் பாதியில் குழாயை எடுத்துவிட்டுப் போதுமா என்று கேட்பான். போதும் என்று சொல்லிவிட்டுத் தன்னையே நொந்துகொள்வாள்.

"நீங்க ஊதச் சொன்னா மெழுகுவத்திகூட அணையாது அண்ணி" என்றாள் நாத்தனார்.

மனசுக்குள் அவள் பெரிய பெரிய சண்டையெல்லாம் போட்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் ஜெயித்தும் இருக்கிறாள். ஆனால் அந்தக் குரல் தொண்டைவரை வந்ததும் வெளியே வரலாமா என்று அனுமதி கேட்டு நின்றுவிடும்.

தேர்வில் ஊதுவதற்குத் தெருமுனைத் தையல்காரரை அழைத்திருந்தார்கள். நல்ல திடமான நுரையீரல்தான், ஆனால் மனுஷர் டீயை ஆற்றுவதுபோல ஊதினார். மூன்று தடவையும் கருவியின் திரையில் மூச்சைக் காட்டும் கோடு பாதியிலேயே குப்புறப் படுத்துக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு தடவைதான், தவறினால் அடுத்த வருஷம் வந்து எழுத வேண்டும் என்று தேர்வாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்.

நான்காம் முறை தையல்காரர் நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் அவர் கண் மெல்லச் சுவர்க் கடிகாரத்துக்கு நழுவியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வீட்டில் பார்த்ததெல்லாம் ஞாபகம் வந்தது. பாதி கழுவிய பாத்திரம், பாதி சொன்ன பதில், பாதி கேட்ட காது. எத்தனை பாதிகளுக்குத் தலையாட்டியிருக்கிறாள்!

"விடாதீங்க! ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! உள்ள இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும். ஒளிச்சு வைக்காதீங்க!"

தையல்காரரின் கண்கள் பிதுங்கின. பெஞ்சில் காத்திருந்த மாணவிகள் தங்களை அறியாமல் ஊதினார்கள். டீ கொண்டுவந்த உதவியாளர் ஊதியதில் டீ அவர் சட்டைக்கே போனது. தேர்வாளர் அம்மாவும் கன்னம் உப்ப ஊதினார், மேஜையிலிருந்த விடைத்தாள்கள் பறந்தன. திரையில் கோடு கடைசிவரை வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

தாள்களைப் பொறுக்கிக்கொண்டே, பாஸ் என்றார் தேர்வாளர் அம்மா.

அவள் வழக்கம்போலத் தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் மூக்குக் கிளிப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"மொதல்லயே இப்படிக் கேட்டிருந்தா ஊதியிருப்பேனேம்மா. நீங்க கேட்ட தோரணையைப் பார்த்து, ஊதினா உங்களுக்குப் பிடிக்காதோன்னு இல்ல நெனச்சேன்."