வாங்குகளை ஏற்ற வந்த லொறி

விடியுமுன்பே இறால் வந்து குவிந்துவிட்டது. பனிச்சங்கேணி வாவிக்கரையில், பேர்னாட் முதலாளியின் வாடிக் கொட்டிலுக்குள் பெண்கள் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இறால் முள் குத்தினாலும் பத்தினிப்பிள்ளையின் விரலுக்குத் தெரிவதில்லை. இரத்தத்தைக் கண்டபிறகுதான் தெரியும். சில நாட்களாக அவள் மனமும் அப்படித்தான் மரத்துக் கிடந்தது.

காரணம் பள்ளிக்கூடம். மாரியில் மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால் வாவி இறால் கடலுக்கு ஓடும். ஊரே வலையோடு இறங்கும். அந்த நாட்களில் பிள்ளைகளையும் வாடிக்கு இழுத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். பள்ளியில் பெயர் பதிந்திருக்கிறது, அது போதும் என்று தாய்மார் நினைத்திருந்தார்கள். இம்முறை பள்ளிகளைப் பார்வையிடும் கல்விக் கந்தோர் ஐயா அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டார். பிள்ளை இல்லாத பள்ளிக்கு எதற்குக் காசு என்று கேட்டுவிட்டுப் போனார். கூரைக்கு ஒதுக்கிய பணம் வேறு ஊருக்குப் போயிற்று. மூடச்சொல்லி உத்தரவும் வந்தது. பள்ளியை நம்பி ஊருக்குள் வந்த பஸ் சந்தியோடு திரும்பிவிட்டது. பஸ்ஸில் வந்த மீன் வியாபாரிகளும் வரவில்லை. இனி ஊர் இறாலை வாங்க முதலாளி ஒருவர்தான். கந்தோர் ஐயாவுக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிந்தால்தான் என்ன!

வெயில் ஏறியதும் முதலாளி வந்தார்.

"இண்டையிலிருந்து கூடைக்குப் பாதிக் கூலிதான்."

"ஏன் முதலாளி?" பத்தினிப்பிள்ளை தலை நிமிரவில்லை.

"பள்ளிக்கூடத்த மூடுறாங்கதானே. பிள்ளையள் சும்மா நிக்கும். கூட்டி வாங்க, கூடை கூடும், கூலியும் சரிவரும்."

"என்ட மகள் படிக்கவேணும்."

"படிச்சு? கடைசியில இறால்தானே கிள்ளப்போறாள். இப்பவே பழகட்டும்."

பத்தினிப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. இன்னும் கோபம் வருகிறதே என்று அவளுக்கே ஆறுதலாக இருந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எழும்புங்ககா."

"எங்ககா போற?" என்றாள் பக்கத்திலிருந்த சின்னத்தங்கம்.

"பள்ளிக்கூடத்துக்கு. வாங்குகள ஏத்த இண்டைக்கு லொறி வருகுதாம். பிள்ளையள அனுப்பாம விட்டது நாமதானே? நாமளே கொண்டுபோய் இருத்துவம்."

"இறால் பழுதாப் போகும்!" முதலாளி கத்தினார்.

"பழைய கூலி எண்டா வந்து சொல்லுங்க, கிள்ளுறம். பிள்ளையள் மட்டும் இனி வராது."

ஒருத்தி எழுந்தாள். பிறகு மற்றவர்கள் எழுந்தார்கள்.

லொறி வந்தபோது பள்ளியில் ஒரு வாங்கும் வெறுமையாக இல்லை. பிள்ளைகளை முன்னே இருத்தி, இறால் நாற்றத்தோடு தாய்மார் பின்னே இருந்தார்கள்.

"எழும்புங்கம்மா, வாங்குகள ஏத்தச்சொல்லி எனக்கு ஓடர்" என்றான் சாரதி.

"அந்த ஐயாவ வரச்சொல்லு மனே. வந்து இப்ப பிள்ளையள எண்ணட்டும்" என்றாள் பத்தினிப்பிள்ளை.

அவன் தலையைச் சொறிந்தான். லொறி வெறுமையாகத் திரும்பியது. அது பொலிசோடும் வரலாம் என்று எல்லாருக்கும் தெரியும். கூலி இல்லாமல் இரவு எந்த வீட்டில் உலை வைப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

பள்ளி மூடுவதால் பட்டணத்துக்குப் போகப் பெட்டி கட்டியிருந்த மக்டலின் ரீச்சர் அதைத் திறந்து சோக்குக்கட்டியை எடுத்தார். பாடம் நடந்தது.

பள்ளி விடும் நேரம் வந்தது.

"நாளைக்கும் வருவம் ரீச்சர்" என்றாள் சின்னத்தங்கம்.

"நாளைக்குச் சனிக்கிழமை."

"லொறிக்குச் சனி ஞாயிறு இருக்கா?"

ரீச்சர் சோக்கை மேசையிலேயே வைத்தார். "அப்ப நானும் இண்டைக்குப் போகல்ல" என்றார்.

பத்தினிப்பிள்ளை அவருடைய பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். லொறி இரவிலும் வரலாமே என்று மற்றவர்கள் வாங்குகளை விட்டு எழும்பவில்லை.