கருவாட்டு டப்பாவில் போன சாம்பல்

“எனக்க விறகுப்புரைக்குத் தீயும் வச்சிட்டு, எனக்க மதிலைப் பிடிச்சிட்டு நிண்ணு எனக்கே சட்டம் படிச்சுக் குடுக்குதியாலே?”

முத்துநாயகம் போட்ட சத்தம் இரணியலில் ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அனில்குமாரும் லேசுப்பட்டவனில்லை.

“தீ வச்சவனாக்கும் முதல்ல வாளியத் தூக்கிட்டு ஓடி வந்தது? போயி உங்க ஒயரைப் பாருங்க மாமா.”

ஒயர் என்ற அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. முத்துநாயகம் முப்பத்தைந்து வருடம் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தேங்காய்க் கதம்பையும் ஓலையும் போட்டுவைக்கும் புரைக்கு ஒரு பல்பு வேண்டுமென்று தன் கையாலேயே ஒயர் இழுத்தவர். தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு அந்த ஒயரைத்தான் காட்டினார். முத்துநாயகம் அவரையே முறைத்தார். தான் இழுத்த ஒயர் தீப்பிடிப்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரன் கொள்ளி வைப்பது அவருக்கு மரியாதையாகப் பட்டது.

அனில்குமார் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். சட்டையில் எப்போதும் பெட்ரோல் வாசம். போன வாரம்தான் சந்தில் பைக்குகளை நிறுத்தியதற்கு இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டிருந்தார்கள். இது போதாதா? முத்துநாயகம் மனுமேல் மனுவாக எழுதி, கடைசியில் சாம்பலைப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடாகிவிட்டது. பெட்ரோல், மண்ணெண்ணெய் மாதிரி எதையாவது ஊற்றி எரித்திருந்தால் ஆய்வுக்கூடத்து இயந்திரம் சாம்பலிலிருந்தே கண்டுபிடித்துவிடுமாம்.

சாம்பல் அள்ள வருவதற்கு முந்தின நாளே ஏட்டு ததேயுஸ் போன் செய்தார். காற்றுப் போகாத மூடியுள்ள டப்பா ஸ்டேஷனில் தீர்ந்துபோயிற்று, வீட்டில் சுத்தமான தகர டப்பா ஒன்று இருக்குமா என்று கேட்டார்.

முத்துநாயகத்தின் மனைவி செல்லக்கனியிடம் சுத்தமாக இருக்குமா என்று கேட்பது, மீனிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்பது போல. அடுப்படியில் ஒரு எறும்பு வழி தவறி வந்தாலும் அன்றைக்கு முழுவதும் அவள் முகம் சரியாக இருக்காது. தம்பி கத்தாரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பாக்கள் இரண்டு, ஒரே அச்சில் வார்த்தவை, அவளிடம் இருந்தன. ஒரே ஒரு சங்கடம்: இரண்டிலும் குளச்சலில் வாங்கிய நெத்திலிக் கருவாடு இருந்தது.

கருவாட்டை எடுத்துவிடலாம், வாசத்தை எப்படி எடுப்பது? சோப்பு போட்டாள், புளி போட்டாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மூக்கை வைத்தால் குளச்சல் மீன் ஏலக்கூடம் அப்படியே இருந்தது. படித்த ஆபீசர்கள் திறந்து பார்த்து, இன்னார் வீட்டு டப்பா நாறுகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால்? அது கோர்ட்டில் வாசிக்கப்பட்டால்? நினைக்கவே அவளுக்கு வியர்த்தது. புருஷன் அசந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரிலிருந்து ஒரு டம்ளர் பெட்ரோல் பிடித்தாள். துணியை நனைத்து இரண்டு டப்பாக்களையும் துடைத்து, மூடியை அழுத்தி அடைத்தாள். மறுநாள் ததேயுஸ் ஒன்றில் சாம்பலை அள்ளி, அரக்கு வைத்துக் கொண்டுபோனார். மற்றது பரணில் ஏறியது. அதன் பிறகு அவள் அதைப் பற்றி நினைக்கவேயில்லை.

மூன்று வாரத்தில் முதல் தகவல் வந்தது: டப்பாவில் பெட்ரோல்.

முத்துநாயகம் தெரு முழுக்க நடந்து சொன்னார். கருங்கலுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அனில்குமாருக்குப் பேசி முடித்திருந்த பிந்துவின் வீடு அங்கேதான். ஆவணியில் கல்யாணம், அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது. தீ வைக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நாங்கள் ராத்திரி எப்படித் தூங்குவது என்று பிந்துவின் அப்பா சொல்லியனுப்பினார். அனிலின் அம்மா ஓமனா மதில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். ஊர்ச்செய்தி பாதியும் ஓமனா வழியாக வருவதுதான், ஆகவே செல்லக்கனிக்கும் அது பெரிய நஷ்டம்.

அப்போதுதான் ததேயுஸ் மறுபடியும் வந்தார். சாம்பல் வந்தது ஸ்டேஷன் டப்பாவில் இல்லையென்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்துவிட்டதாம். டப்பாவிலேயே ஏதும் இருந்ததா என்று பார்க்க, அதே மாதிரி காலி டப்பா ஒன்றையும் சோதிக்க வேண்டுமாம்.

செல்லக்கனி பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். மூடியைக் கொஞ்சம் நெம்பினாள். குப்பென்று பெட்ரோல்.

துணியை நனைத்துத் துடைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுப்படியில் கைபடாத பருப்பு டப்பா ஒன்று இருந்தது, ஏறக்குறைய அதே அளவு. அதை எடுத்து நீட்டினால் ததேயுஸுக்குத் தெரியப்போவதில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். ஓமனா முற்றத்தில், அழைப்பிதழ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்கவும் மனமில்லாமல் வீசவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

செல்லக்கனி பருப்பு டப்பாவைத் தொடவில்லை. வெளியே வந்தாள்.

“இத கொண்டு போங்க சாரே. ஆனா ஒண்ணு. ரண்டையும் நானாக்கும் பெட்ரோல் போட்டுத் தொடச்சது.”

“எந்தப் பெட்ரோலுட்டி?” என்றார் முத்துநாயகம்.

“உங்க ஸ்கூட்டர்ல உள்ளதுதான்.”

“என்னத்துக்கு?”

பெட்ரோலைச் சொல்ல அவளுக்குக் கூச்சமில்லை, அடுத்த வார்த்தையைச் சொல்லத்தான் கூச்சம்.

“கருவாட்டு நாத்தம்” என்றாள், தரையைப் பார்த்து.

ததேயுஸ் சிரிக்கக் கூடாத பதவியில் இருந்ததால் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். முத்துநாயகம் முதல் முறையாக ஸ்கூட்டர் மைலேஜ் பற்றி யோசித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓமனா எழுந்து நின்றுவிட்டாள்.

ஆய்வுக்கூடம் புதுக் கலன் அனுப்பி, புரையின் அடியிலிருந்து வேறு மண் எடுப்பித்தது. அதில் எந்த எண்ணெயும் இல்லை. காலி டப்பாவில் பெட்ரோல் இருந்தது. கூடவே, உலர்மீன் வாசனையும் உணரப்பட்டது என்று ஒரு வரி. செல்லக்கனி அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

கல்யாணம் ஆவணியிலேயே கருங்கலில் நடந்தது. முத்துநாயகம் போனார். பந்தலில் ஒயர் இழுத்த விதம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். பிந்து, மாமியார் வீட்டு மதிலையும் மதிலுக்கு அப்பாலிருந்தவர்களையும் ஆறு மாதம் பார்த்துவிட்டு, கருங்கலிலேயே வாடகைக்கு இடம் பிடித்தாள். ஒர்க்‌ஷாப்பும் புருஷனும் அவளோடு போயாயிற்று. பேரன் பிறந்ததும் ஓமனாவும் போய்விட்டாள். ததேயுஸை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் முத்துநாயகத்துக்குச் சண்டை போடவும் ஆளில்லை, செல்லக்கனிக்கு ஊர்ச்செய்தி சொல்லவும் ஆளில்லை.