இன்னாசிமுத்து என்கிற பேர்

“பிள்ளைக்கு என்ன பேரு?” என்று சாமியார் கேட்டார். என் பேர் கோயிலுக்குள் சத்தமாக விழப்போகிறது என்று நான் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் மகன் கிங்ஸ்டன் என் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

“பெனிட்டோ.”

எனக்குக் காது மந்தம் கிடையாது. இருந்தாலும் சாமியார் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பேரைச் சொல்கிறாரா என்று பார்த்தேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னார். பிள்ளை அழவில்லை. தண்ணீர் நெற்றியில் வழிய, கண் எங்கேயோ சொருகிக் கிடந்தது.

எங்களில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர்தான். அதை யாரும் கேட்டு வைப்பதில்லை. கிங்ஸ்டன் என்பது பள்ளிக்கூடத்துக்காக. கோயிலில் அவன் சவரிமுத்து, என் அப்பா பேர். அப்படியானால் இவன் இன்னாசிமுத்து, என் பேர். இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் நானும் பேசாமல் இருந்தேன்.

இவன் பிறந்ததும் அழவில்லை. மூளைக்குக் காற்று போகவில்லை என்றார்கள். ஒரு டாக்டர் நடந்தாலும் நடப்பான் என்றார். இன்னொருவர் பேச்சு வருவது கஷ்டம் என்றார். கடைசியில் இரண்டு பேரும் போகப்போகத்தான் தெரியும் என்றார்கள். அதைச் சொல்லப் படிப்பு எதற்கு? பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணை மட்டும் நம்பினேன். அவள் எந்தச் சத்தியமும் பண்ணவில்லை, கையால் செய்து காட்டினாள்.

கிங்ஸ்டனுக்கு மில்லில் ஷிப்டு. மருமகள் அஞ்சலினுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆகவே பகலெல்லாம் நானும் அவனும்தான். துண்டைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே கொடுத்து அவனைக் குப்புறப் போடுவேன். நானும் எதிரே பாயில் குப்புறப் படுத்துக்கொள்வேன். எழுந்திருக்க இடுப்பு விடாது. “ஏலே இன்னாசிமுத்து, தாத்தாவப் பாருலே” என்று கூப்பிட்டுக்கொண்டே கிடப்பேன். கழுத்து நிற்க வேண்டும், அதுதான் முதல் வேலை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். சில நாள் விரல்கடை உயரம் தூக்குவான். உடனே தொப்பென்று விழுவான். நான் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டேதான் கிங்ஸ்டன் சட்டையை மாட்டி வேலைக்குப் போவான்.

அஞ்சலின் மட்டும் அவனை ‘ராசா’ என்றே கூப்பிட்டாள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்வதில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று எனக்கு ஒரே பெருமை. முந்தின நாள்கூட டீக்கடையில் அளந்துவிட்டு வந்தேன். கடைக்காரன் செண்பகராஜ் டீயை ஆற்றிக்கொண்டே, “ஒரு இன்னாசிமுத்தையே ஊரு தாங்கல. இன்னொண்ணா அண்ணாச்சி?” என்றான். “ரெண்டையும் சேத்துத் தாங்குங்கலே” என்றேன். கடையே சிரித்தது.

கோயிலுக்கு வெளியே வேம்படியில் கிங்ஸ்டனைப் பிடித்தேன்.

“யாரு பேருலே அது?”

“யாரு பேரும் இல்லப்பா. நல்லாருந்துச்சு, வச்சோம்.”

“எம்பேரு நல்லால்லயோ?”

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். “அடுத்த பிள்ளைக்கு வைப்போம்னு இருக்கோம். உங்க பேருக்கு ஒரு மரியாத வேணும்லா.”

“அப்ப இவன் யாரு? பக்கத்து வீட்டுப் பிள்ளையா?”

“சத்தம் போடாதீங்க. இன்னாசிமுத்து வாயில எச்சி ஒழுகக் கெடக்கான், இன்னாசிமுத்துக்கு வெட்டு வலிப்பு வந்துட்டுன்னு ஊர்ல பேசணுமா? உங்களுக்காகத்தான் பாத்தேன்.”

“எனக்கும் ஒருநாள் ஒழுகத்தாம்ல போகுது. அன்னைக்கு எம்பேர மாத்திருவியா?”

அவன் கண் கலங்கியது. ஓங்கி அடித்திருந்தால்கூட அவன் அப்படி நின்றிருக்க மாட்டான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அஞ்சலின் சற்றுத் தள்ளி நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராசா என்று கூப்பிட்டது என் மரியாதைக்கு இல்லை. அவளுக்கு இவன் இன்னாசிமுத்தே இல்லை; நாக்கில் அடக்கி வைக்க ஒரு பேரே இருக்கவில்லை. நல்ல பிள்ளை வரும் என்று என் பேரைப் பெட்டிக்குள் பட்டுச்சேலை மாதிரி மடித்து வைத்துவிட்டார்கள். நான் பாட்டுக்குப் பாயில் கிடந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருத்தராவது “அது அவன் பேரில்ல” என்று சொல்லவில்லை.

வீட்டில் கறிச்சோறு. நான் சாப்பிடவில்லை. வந்தவர்கள் பிள்ளையை “பெனிட்டோ, பெனிட்டோ” என்று கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரையும் பஸ் ஏற்றிவிடக் கிங்ஸ்டன் போனான். அஞ்சலின் அடுப்படியில் பாத்திரம் துலக்கினாள். பிள்ளை மல்லாக்கக் கிடந்தான். இன்றைக்குப் பயிற்சி இல்லை.

இனிமேல் அவர்களே செய்யட்டும், அவர்கள் பேர் வைத்த பிள்ளைதானே என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை போனேன். வெயில் தாழ்ந்து, எதிரே உழுது போட்ட கரிசல் கறுத்துக் கிடந்தது. மழை இல்லை. திரும்பி வந்து துண்டைச் சுருட்டி அவனைக் குப்புறப் போட்டேன்.

எதிரே படுத்து வாயைத் திறந்தேன். பெனிட்டோ என்று வரவில்லை.

“ஏலே இன்னாசிமுத்து!”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஏலே, இன்னாசிமுத்து! உன்னத்தாம்ல!”

அவன் தலை பாயிலிருந்து எழும்பியது. ஆடியது. விழவில்லை. அஞ்சலின் சாம்பல் அப்பிய கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள். அவனைப் பார்த்து ஏதோ கூப்பிட வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும், மாமனார் பேரைச் சொல்ல வந்தவள் மாதிரி, மூடிக்கொண்டாள். தலை இன்னும் கீழே வரவில்லை. அவன் வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி, பாயைத் தொட்டு, அறுந்துபோகாமல் நின்றது.