ஒரு விரல் இடைவெளி

பாய்லர்காரருக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார், துடைப்பார். கையில் அகப்பட்ட துணியை எடுத்துக்கொண்டு குழாய், வால்வு, மீட்டர் என்று எது எதிரில் நிற்கிறதோ அதைத் தேய்த்துத் தள்ளிவிடுவார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் துடைத்த துடைப்பில், இருநூறு லிட்டர் டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்போல் இருந்தது.

காரணம் இதுதான்: கண்ணாடியை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி என்பது அந்தப் பெண்ணுக்குக் கம்பெனியில் வைத்த பெயர். தடித்த மூக்குக்கண்ணாடி, அதற்குப் பின்னால் எப்போதும் அவசரப்படும் இரண்டு கண்கள். பாய்லர்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவர்கள்கூட அவரை அப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூடிப்போன பால் பண்ணையின் பின்பக்கக் கொட்டகை. அதில் கோழியை வெட்டாமல் கோழிக்கறி வளர்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் கோழியிடமிருந்து கடுகளவு தசையை எடுத்து, அதிலிருக்கும் செல்களைச் சத்துநீரில் விட்டால் அவை பெருகும். குடுவையில் பெருகியதை டேங்குக்கு மாற்றினால் கிலோக்கணக்கில் பெருகும். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. கோழி இல்லாமல் கறி என்றால் நாளைக்கு மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணமும் செய்வீர்களா என்று கேட்டார்கள். பாய்லர்காரரும் முதல் மாதம் சிரித்தவர்தான்.

இதை நடத்துகிற டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். வெளிநாட்டு டேங்கின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு உள்ளூர்ப் பட்டறையிலேயே டேங்க் செய்ய வைத்தார். இறக்குமதிச் சத்துநீருக்குப் பதில் சோயாவிலிருந்து தானே காய்ச்சினார். பணக்காரன் தட்டுக்கு யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம், கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை தட்டுக்கு வர வேண்டும் என்பார். அதைக் கேட்ட பிறகுதான் பாய்லர்காரர் சிரிப்பதை நிறுத்தினார்.

அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வாரமாகச் சனியன் பிடித்திருந்தது. டேங்கில் விட்ட செல்கள் மறுநாளே கலங்கிப் புளித்துப்போயின. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கிருமி புகுந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. டேங்கை ஆவி விட்டு வேகவைத்துச் சுத்தம் செய்கிறார்கள், சத்துநீரையும் காற்றையும் வடிகட்டி விடுகிறார்கள். மனிதக் கை படுகிற இடம் ஒன்றே ஒன்று: குடுவைக்குக் குடுவை செல்களை மாற்றும் கண்ணாடியின் கை.

அந்தப் பெண்ணும் என்னதான் செய்வாள்? இரட்டைக் கையுறை போட்டாள். ஸ்பிரிட்டில் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. அப்படியும் மூன்றாவது தடவை கெட்டதும், திங்கட்கிழமை வந்து சாவியை ஒப்படைத்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. கண்ணாடி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று அவளே நம்பிவிட்டாள். பாய்லர்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, குலுக்கி, கொட்டிவிட்டு மூடியைத் திருகி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் டொக்கென்று சத்தம். பாட்டில் பக்கவாட்டில் ஒடுங்கிக் கிடந்தது. அவள் மூடியைத் திருகித் திறக்கவும் உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டு பாட்டில் நிமிர்ந்தது.

பார்த்துக்கொண்டிருந்த பாய்லர்காரர் பாட்டிலை வாங்கி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேங்குக்கு ஆவி விட்டு ஆறவைப்பதுதான் பால் பண்ணையில் இருபத்தாறு வருடம் அவர் செய்த வேலை, கம்பெனியிலும் அதே வேலைதான். ஆவி விட்ட டேங்கை மூடியபடி ஆறவிட்டால் உள்ளே ஒடுங்கிவிடும். ஒருமுறை ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று காகிதம்போல் கசங்கியதைக் கண்ணால் கண்டவர். அதனால் ஆறும்போது மூடியை ஒரு விரல் அளவு தூக்கிவிடுவது அவர் கைக்குப் பழக்கம். பாலுக்கு அதனால் கெடுதல் இல்லை, பிறகு காய்ச்சத்தானே போகிறார்கள்.

இங்கே டேங்க் ஆறும்போது வடிகட்டிய காற்றை உள்ளே விடக் கம்ப்ரசர் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் அது நின்றுவிடும். ஜெனரேட்டர் குளிர்பெட்டிக்கு மட்டும்தான். வெயில் ஏறியதிலிருந்து கரண்ட் போவதற்கு நேரம் காலமே இல்லை. டேங்க் ஆறும் நேரத்தில் கரண்ட் போன மூன்று தடவையும் அவர் மூடியைத் தூக்கினார். டேங்க் தப்பியது. கொட்டகைக் காற்று, தூசி தும்போடு உள்ளே போனது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. நடக்கும்போது செருப்பு போட்டேன் என்று யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

மனைவியிடம் சொன்னார். பண்ணை மூடிய பிறகு எட்டு மாதம் இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவள் மறக்கவில்லை. இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

"உங்களை யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். "கேக்காததுக்கு எதுக்குப் போய்ப் பதில் சொல்லணும்?"

அவருக்கும் சொல்லாமல் விட்டுவிடும் ஆசை இல்லாமல் இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டார். இனிமேல் மூடியைத் தூக்காமல் இருந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் சரியாகிவிட்டால், கண்ணாடி போனதால்தான் சரியாயிற்று என்று ஊரே சொல்லும். அவளும் சாகும்வரை அதையே நம்புவாள். விடிந்ததும் சட்டையை மாட்டினார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். வேலை போனாலும் மத்தியானம் பசிக்கும்தானே என்றாள்.

டாக்டரம்மாவின் மேஜை மேல் கண்ணாடியின் சாவியும் மடித்த வெள்ளைக் கோட்டும் இருந்தன. அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். பாய்லர்காரர் உள்ளே நுழைந்து, உட்காராமல், டேங்கையும் மூடியையும் கரண்ட்டையும் சொல்லி முடித்தார். சொல்லும்போதே கர்ச்சீப்பை எடுத்து மேஜை ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா குளிர்பெட்டிக்கான பதிவேட்டைப் புரட்டினார். கரண்ட் போன நேரமெல்லாம் அதில் இருந்தது. விரலை வைத்து மூன்று தேதிகளைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடினார்.

"நீங்க திறக்கலேன்னா டேங்க் போயிருக்கும், கம்பெனியும் போயிருக்கும்" என்றார். "கம்ப்ரசரை ஜெனரேட்டர்ல சேர்க்காதது நான். அதை யோசிக்காம இந்தப் பொண்ணோட கையைச் சந்தேகப்பட்டேன்."

அவர் எழுந்து சாவியைக் கண்ணாடியின் பக்கம் நகர்த்தினார். மன்னிப்பும் கேட்டார், சுற்றி வளைக்காமல். கண்ணாடி சாவியை எடுக்கவில்லை. உரிந்துபோன தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது என் கையால வந்ததில்லையாண்ணே?"

"இல்லம்மா. என்னால வந்தது."

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகத்தை அவர்கள் இருவரும் அன்றுதான் பார்த்தார்கள்.

"இந்தக் கை படக் கூடாதுன்னு மூணு வாரமா என் பிள்ளைக்குத் தலை பின்னிவிடலண்ணே" என்றாள். "பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டிருந்தேன்."

பாய்லர்காரரின் கை மேஜையைத் துடைப்பதை நிறுத்தியது. கர்ச்சீப்பை அவளிடம் நீட்டினார்.